"எதிர்பார்ப்பு இல்லாமல் போ, பிடிக்கும்" என்கிறார்களே, அது சரியா? கோடைக்காலப் பெரிய படங்களும் இரண்டாம் பாகங்களும்

கடைசிவரிசை

போன வாரம் ஒரு இரண்டாம் பாகம் பார்த்தேன். பெயர் வேண்டாம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்கப் போகிறவர்களின் ஆசையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? வெளியே வரும்போது கூட வந்த நண்பன் சொன்னான்: "எதிர்பார்ப்பு இல்லாமல் வந்திருந்தால் உனக்குப் பிடித்திருக்கும்." நாலு நாளாக அந்தப் பேச்சு மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பை நானாகவா வளர்த்தேன்? ஒரு வருடத்துக்கு முன்பே டீசர் விட்டார்கள். டிரெய்லர் வரப்போகிறது என்று சொல்லவே ஒரு பத்து நொடித் துணுக்கு விட்டார்கள். பிறகு மூன்று டிரெய்லர்கள். படம் பார்த்தபோது கடைசிச் சண்டையில் பாதியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நாயகன் விழுந்து கிடக்கிறான், செத்துவிட்டானோ என்று பதற வேண்டிய இடம். அவன் வேறு உடையில் பாலத்தின் மேல் ஓடும் காட்சி இன்னும் வரவில்லையே என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. டிரெய்லரில் அதைப் பார்த்துவிட்டேனே! அப்புறம் எங்கே பதறுவது?

எதிர்பார்ப்பை விற்பது புதிதில்லை. 1975 ஜூன் 20 அன்று 'ஜாஸ்' என்ற சுறாப் படம் வந்தபோதே அது நடந்தது. சுமார் 7 லட்சம் டாலர் செலவழித்து அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து, ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் வெளியிட்டார்கள். கோடைக்காலப் பெரிய படம் என்ற வழக்கமே அதிலிருந்துதான் வேர்விட்டது. ஆனால் அந்தப் படம் சொன்னதற்கு மேலேயே கொடுத்தது. 55 நாளில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. உப்புத் தண்ணீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் சுறாவைக் காட்டாமலே பயத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம். சுறாவோடு கயிற்றில் பிணைத்துவிட்ட அந்த மஞ்சள் பீப்பாய்கள் நினைவிருக்கிறதா? தண்ணீரில் அவை நகர்ந்து வரும், சுறா தெரியாது. பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். 1978-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சுறாவை நன்றாகவே காட்டினார்கள். எனக்குப் பயமே வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். கோடையில் வரும் பெரிய படங்களும் இரண்டாம், மூன்றாம் பாகங்களும் நம் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகின்றனவா? இல்லையென்றால் குறை நம்மிடமா, அவர்களிடமா?

மின்மினி

அண்ணா, குறை நம் வயதில் இருக்கிறது என்பேன். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு வந்த எந்த டைனோசரும் அந்த அளவு பெரிதாக இல்லை. டைனோசர் சின்னதாகிவிடவில்லை, நான்தான் வளர்ந்துவிட்டேன்.

இடைவேளை

எதிர்பார்ப்புதான் முதல் எதிரி என்று நினைக்கிறேன். 1982-ஐப் பாருங்கள். ஜூன் 11-இல் 'ஈ.டி.' வருகிறது. உலகமே அந்தக் குட்டி வேற்றுக்கிரகவாசியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இரண்டு வாரம் கழித்து ஜூன் 25-இல் ஒரே நாளில் 'பிளேட் ரன்னர்', 'தி திங்' இரண்டும் வெளியாகின்றன. இரண்டுமே அந்தக் கோடையில் எடுபடவில்லை. விமர்சகர்கள் பலரும் கடித்துக் குதறினார்கள். இன்று அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றிப் பேச முடியுமா? அன்றைக்குக் கூட்டம் எதிர்பார்த்தது வேறு, படம் கொடுத்தது வேறு. எதிர்பார்ப்பை வைத்து அளந்ததால் இரண்டு நல்ல படங்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன.

உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

கடைசிவரிசை

இடைவேளை, நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்த இரண்டு படங்களும் எதிர்பார்த்ததைக் கொடுக்கவில்லை, சரி. வேறொன்றைக் கொடுத்தன. இன்றைய பல இரண்டாம் பாகங்கள் எதிர்பார்த்ததையும் கொடுப்பதில்லை, வேறொன்றையும் கொடுப்பதில்லை. போன தடவை பார்த்ததையே கொஞ்சம் பெரிதாக்கித் தருகின்றன.

வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் 'இண்டிபெண்டன்ஸ் டே' 1996-இல் வந்தது. வெள்ளை மாளிகை வெடித்த அந்தக் காட்சி ஒரு சிறிய மாதிரியைக் கட்டி நிஜமாகவே வெடித்து எடுத்தது. 20 வருடம் கழித்து 2016-இல் இரண்டாம் பாகம். இந்த முறை வந்த விண்கலம் ஒரு பெருங்கடலையே மூடும் அளவு. நகரங்களை அள்ளித் தூக்கி வேறு நகரங்களின் மேல் கொட்டுகிறது. நான் கொட்டாவி விட்டேன். முதல் படத்தில் ஒரு கட்டடம் இடிந்தபோது வாயைப் பிளந்து பார்த்தவன் நான். வசூலும் முதல் பாகத்தில் பாதியைத் தொடவில்லை.

பழையசுருள்

தம்பி, பெரிதாக்குவது தப்பில்லை. எதைப் பெரிதாக்குகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

1979-இல் 'ஏலியன்' வந்தது. ஒரு விண்கப்பல், ஒரே ஒரு ஜந்து. 1986 ஜூலையில் 'ஏலியன்ஸ்'. ஜந்துகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. கணக்குப்படி இதுவும் வெறும் பெரிதாக்கல்தான். ஆனால் அந்தப் பெண் ரிப்ளி அதே ஆள் இல்லை. 57 வருடம் உறக்கத்தில் மிதந்து திரும்பி வருகிறாள். அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. தூக்கத்தில் அலறி எழுகிறாள். அவள் ஏன் திரும்பிப் போகிறாள் என்பதுதான் கதை. போன இடத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் கண்டெடுக்கிறாள். அதற்கப்புறம் எத்தனை ஜந்து வந்தாலும் நமக்குச் சலிப்பதில்லை, ஏனென்றால் நாம் எண்ணுவது ஜந்துகளை இல்லை.

'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980 மே மாதம். அது வந்த புதிதில் எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். முகம் சுளித்தவர்கள் நிறைய. நாயகன் தோற்கிறான், கையை இழக்கிறான், கதை பாதியில் நிற்கிறது. போதாக்குறைக்குத் தன் எதிரி யார் என்ற உண்மை தெரிகிறது. அந்த உண்மையை எப்படிக் காத்தார்கள் தெரியுமா? படப்பிடிப்புத் தளத்தில் கறுப்புக் கவசத்துக்குள் இருந்த நடிகரிடம் வேறு வசனம் கொடுத்துப் பேச வைத்தார்கள். எதிரே நின்ற நாயகன் மார்க் ஹேமிலுக்குக்கூட எடுப்பதற்குச் சற்று முன்புதான் சொன்னார்கள். உண்மையான வசனம் பின்னணிக் குரலில் சேர்ந்தது. பார்க்க வருகிறவன் மேல் அவ்வளவு மரியாதை. இன்றைக்கு அதை மூன்றாவது டிரெய்லரின் கடைசி ஐந்து நொடியில் வைத்திருப்பார்கள்.

மின்மினி

நேற்று எழுதியதை நானே மாற்றிக்கொள்கிறேன். இழையைப் படித்துவிட்டு ராத்திரி 'ஜுராசிக் பார்க்' மறுபடி போட்டேன். டைனோசர் படம் முழுக்க வரும் என்றுதான் என் ஞாபகம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அவை திரையில் இருப்பது மொத்தமே சுமார் 15 நிமிடம்! மீதி நேரமெல்லாம் மனிதர்கள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், பயப்படுகிறார்கள். வண்டிக்குள் இருக்கும் தண்ணீர்க் கோப்பையில் வளையம் வளையமாக அலை வருமே, அதற்குக் கீழே கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டினார்களாம். ஒரு கோப்பை, ஒரு கம்பி. நாற்பதைத் தாண்டிய எனக்கு நேற்றும் கை சில்லிட்டது.

ஆகவே வயது மட்டும் காரணம் இல்லை. பழையசுருள் ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி.

நீலத்திரை

பல மாதமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இந்த இழையில் எழுதியே ஆக வேண்டும் போல் இருந்தது.

நான் கிராஃபிக்ஸ் துறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு பெரிய தொடர்படத்தின் பாகம் எங்களிடம் வந்தது. எந்தப் படம், எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன். என் பங்கு ரோட்டோ. அதாவது காட்சியில் இருக்கும் ஆளைப் பின்னணியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுப்பது. ஒரு நடிகை காற்றில் தலைமுடி பறக்க மழையில் நிற்கிறார். ஆறு நொடி. அதாவது 144 ஃப்ரேம். ஒவ்வொரு முடிக்கற்றையின் விளிம்பும் தனித்தனி. கிட்டத்தட்ட இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன். கடைசியில் அவர் கண்ணை ஒருமுறை சிமிட்டும் ஃப்ரேம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முடித்துக் கொடுத்த மூன்றாம் நாள் தகவல் வந்தது: காட்சி மாறிவிட்டது, மழை இல்லை, இப்போது பாலைவனம். நடிகையை மறுபடி எடுக்கிறார்கள்.

ஏன் மாறியது? முடிவு என்ன என்று அப்போதுகூட அவர்கள் தீர்மானிக்கவில்லை. ஆனால் வெளியீட்டுத் தேதி மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்பே அறிவித்தாயிற்று. அந்தத் தேதி நகராது. கோடையில் ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய படம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு வாரம் தள்ளினால் திரை கிடைக்காது. 2023-இல் பார்த்தோமே. 'மிஷன் இம்பாசிபிள்' படத்தின் ஏழாம் பாகம் ஜூலை 12-இல் வந்தது. 21-ஆம் தேதி 'ஓப்பன்ஹைமர்' வந்ததும் ஐமேக்ஸ் திரைகள் எல்லாம் கை மாறிவிட்டன. அந்த உயரத்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதித்த காட்சியை அதற்கேற்ற திரையில் பார்க்கக் கிடைத்தது பத்து நாள்கூட இல்லை.

தேதி முதலில், கதை பிறகு. எந்த வீட்டையாவது கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு வரைபடம் போடுவார்களா? நீங்கள் திரையில் பார்க்கும் "சரியில்லாத கிராஃபிக்ஸ்" பெரும்பாலும் திறமை இல்லாததால் வருவதில்லை. கடைசி நாலு வாரத்தில் மூன்றாவது முறையாகச் செய்ததால் வருவது. என்னோடு வேலை பார்த்தவர்கள் கையில் பொன் விளையும். அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

தயவுசெய்து எதிர்பார்ப்பைக் குறைக்காதீர்கள். நீங்கள் குறைத்தால் எங்களுக்கு இன்னும் குறைவான நாள்தான் கொடுப்பார்கள்.

இடைவேளை

நீலத்திரை, படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இனி "மோசமான கிராஃபிக்ஸ்" என்று எழுதும் முன் யோசிப்பேன். உங்கள் கடைசி வரி என் வாதத்தை நன்றாகவே ஆட்டிவிட்டது.

வெயில்காலம்

தேதியை நகர்த்தியவர்களும் இருக்கிறார்களே. 'டாப் கன்: மேவரிக்' முதலில் 2019 கோடைக்கு என்றார்கள். பறக்கும் காட்சிகளைச் சரியாக எடுக்க ஒரு வருடம் தள்ளினார்கள். பிறகு கொரோனா. கடைசியில் 2022 மே 27. முதல் பாகம் வந்து 36 வருடம்! நடிகர்களை நிஜப் போர் விமானத்தின் பின் இருக்கையில் உட்கார வைத்து, உள்ளேயே கேமராக்களைப் பொருத்தி எடுத்தார்கள். திருப்பத்தில் அவர்கள் கன்னம் இழுபடுவது நடிப்பில்லை. உலக வசூல் 148 கோடி டாலரைத் தாண்டியது.

ஆனால் எனக்கு அந்தப் படம் விமானம் இல்லை. வால் கில்மர் வரும் அந்த ஒரு காட்சிதான். நிஜ வாழ்க்கையில் தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்தவர். படத்திலும் அவர் பேசச் சிரமப்பட்டு, பெரும்பாலும் கணினியில் எழுதித்தான் பதில் சொல்கிறார். 36 வருடத்துக்கு முன் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர், நாயகனும் இவரும்; இப்போது ஒருவர் எழுதுகிறார், மற்றவர் கண் கலங்கப் படிக்கிறார். அந்தக் காட்சிக்கு எந்தச் சிறப்புச் சத்தமும் தேவைப்படவில்லை. எங்கள் வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அதில் என்னுடையதும் உண்டு.

மின்மினி

'ஸ்பைடர்-மேன் 2' பற்றி யாரும் சொல்லவில்லையே! 2004. அந்த ரயில் காட்சி. ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். பயணிகள் அவனைத் தலைக்கு மேல் கைமாற்றி உள்ளே கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லை. இவ்வளவு சின்னப் பையனா என்று பார்க்கிறார்கள். முதல் படத்தில் அவனுக்குச் சக்தி வந்தது, இரண்டாம் படத்தில் அதன் பாரம் தெரிந்தது.

2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில் மூன்று வில்லன்கள். வெனம் என்ற வில்லன் வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு கேட்டுச் சேர்த்தது. மூன்று பேருக்கும் நேரம் போதாமல் ஒருவரும் மனசில் நிற்கவில்லை. முதல் மூன்று நாள் வசூலில் அப்போதைய சாதனையை உடைத்தது என்பதும் உண்மை. அதுதான் வேதனை. படம் எப்படி இருந்தாலும் முதல் மூன்று நாள் நாம் போய்விடுகிறோம்.

பழையசுருள்

அந்த மூன்று நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1998 நவம்பரில் அடுத்த 'ஸ்டார் வார்ஸ்' படமான 'தி ஃபாண்டம் மெனஸ்' டிரெய்லர் வந்தபோது, அது எந்தப் படத்துக்கு முன் ஓடுகிறதோ அந்தப் படத்துக்கு முழு டிக்கெட் வாங்கி, டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. அடுத்த மே மாதம் படம் வந்தது. வசூல் குவிந்தது. பார்த்தவர்களில் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் புலம்பினார்கள். அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். 16 வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒருவர் ஒரு கதையை அவ்வளவு நேசிப்பது சாதாரண விஷயமா?

குட்டித்திரை

எல்லோரும் பெரியவர்களாகவே பேசுகிறீர்கள். என் மகனுக்கு ஒன்பது வயது. 2015-இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்'தான் அவனுடைய முதல் டைனோசர் படம். மின்மினி அக்கா சொன்ன 1993 படத்தையும் காட்டினேன், "நல்லா இருக்கு, ஆனா மெதுவா போகுது" என்றான். அவனோடு பெரிய திரையில் அடுத்த பாகம் பார்க்கும்போது நான் திரையைப் பாதி நேரம் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன். இருக்கையின் நுனிக்கு வந்து கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். உங்களுக்கு ஏமாற்றமான மூன்றாம் பாகம் யாருக்கோ முதல் படம். அதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசிவரிசை

குட்டித்திரை, சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் மகன் வாயைப் பிளந்து பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள் "இவனுக்கு இது போதும்" என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

ஒரு விஷயம் சொல்கிறேன். அண்ணன் மகள் கல்லூரியில் முதல் ஆண்டு. 'டெர்மினேட்டர்' படங்கள் எதையும் அவள் பார்த்ததில்லை, அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியவும் தெரியாது. இந்த இழையில் எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கு ஓர் ஆசை வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி 1984-இல் வந்த முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். சனிக்கிழமை 1991-இல் வந்த இரண்டாம் பாகம். செயலியில் படத்தைத் தேடும்போது திரையைக் கையால் மறைத்துக்கொண்டேன், விவரக் குறிப்பைப் படிக்கவிடவில்லை.

ஏன் என்று இங்கே பலருக்குத் தெரியும். முதல் பாகத்தில் ஷ்வார்ஸ்நேகர் கொல்ல வந்த இயந்திரம். காப்பாற்ற வந்தவன் ஒரு மனிதன். இரண்டாம் பாகத்தின் முதல் அரை மணி நேரம் அதே மாதிரிதான் நகர்கிறது. அதே பெரிய உருவம் தோல் உடையில், மெலிந்த ஆள் ஒருவன் போலீஸ் உடையில். இருவரும் ஒரு பையனைத் தேடுகிறார்கள். யார் கொல்ல வந்தவன், யார் காப்பாற்ற வந்தவன் என்று அதுவரை படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. ஆனால் 1991-இல் டிரெய்லரே அதைச் சொல்லிவிட்டது. நானும் தெரிந்துகொண்டுதான் போனேன். அந்தக் காட்சியை அது எடுக்கப்பட்ட விதத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வணிக வளாகத்தின் பின்பக்க நடைபாதை. பையன் ஓடி வருகிறான். எதிரே பெரிய உருவம், கையில் ரோஜாப்பூப் பெட்டி. பெட்டியைத் திறக்கிறது, பூக்கள் கீழே விழுகின்றன, உள்ளே துப்பாக்கி. பையன் திரும்புகிறான். பின்னால் போலீஸ் உடைக்காரன். அண்ணன் மகள் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "போலீஸ்கிட்ட ஓடுடா, போலீஸ்கிட்ட ஓடு" என்று கத்தினாள். அப்புறம் பெரிய உருவம் பையனைக் குனியச் சொல்லிவிட்டுச் சுட்டது. போலீஸ் உடைக்காரனின் உடம்பில் குண்டு பட்ட இடமெல்லாம் வெள்ளியாகப் பிளந்தது. அவள் அப்படியே என் பக்கம் திரும்பினாள். ஒன்றும் பேசவில்லை. வாயில் வார்த்தை இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, குட்டித்திரை சொன்னது போல அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைக்காமல் போனது அவளுக்குக் கிடைத்தது.

படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது கேட்டாள்: "சித்தப்பா, மூணாவது இருக்கா?"

இருக்கிறது என்றேன். 2003-இல் வந்தது, வேறு இயக்குநர்.

"நல்லா இருக்குமா? இதைவிட நல்லா இருக்கணும்."

எதிர்பார்க்காதே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன். வருகிற சனிக்கிழமை பார்க்கிறோம்.

நீலத்திரை

டிரெய்லர் காட்டிவிடாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.